நீலம் வந்தால் கேசரி

பாபு,

நீ சுகமா என்று கேட்டுத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. நீ சுகமாக இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை விஜயா போனில் சொல்லிவிட்டாள். நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சொன்னாள், அவள்மேல் கோபப்படாதே. ஆபீசில் யாருக்கோ கல்யாணம் என்று இரண்டு நாள் போய் வந்தாயாம். வந்ததிலிருந்து காலையில் ஒன்றும் வேண்டாம், மதியம் நீர்மோர், ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி, அவ்வளவுதானாம். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறாயாம். "சனிக்கிழமை டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும், அதுவரைக்கும் வயித்தக் காயப்போட்டா சரியாயிடும், எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான்னு சொல்றாரு அத்தை" என்றாள். எங்கள் வீட்டில் எப்பவும் இப்படித்தான். வெறும் வயிற்றில் மாத்திரை போட விடாதே, கை நடுங்கினால் உடனே வாயில் சர்க்கரை போடு என்று மட்டும் அவளிடம் சொன்னேன். "நான் சொன்னா கேக்க மாட்டாரு, நீங்களே காரணம் சொல்லுங்க" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் முனையில் இருக்கும் பூத்துக்குப் போய்ப் பேசினேன். நீதான் எடுத்தாய். பட்டினி போடாதே என்று சொன்னதற்குச் சிரித்தாய். "ஒண்ணும் ஆகாதும்மா. நீதான கத்துக்குடுத்த" என்றாய். கண்ணாடிக்கு வெளியே நான்கு பேர் நின்றிருந்தார்கள். மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. சரிப்பா என்று வைத்துவிட்டேன். ரயிலேறி நேரில் வந்திருக்கலாம். வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் கட்டிப்போகும், விஜயா போடுவதைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிடுவேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, கோணல் மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

உனக்கு அந்த நீல மருந்து ஞாபகம் இருக்கும். உங்கப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது நீ ஒன்றாவது. அப்போது வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு இருந்தது அதுதான். பாட்டிலில் வானம் மாதிரி நீலமாக இருக்கும். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, மரக்கிடுக்கியில் பிடித்துச் சூடுகாட்ட வேண்டும். பாத்ரூம் பக்கம் அதற்கென்றே பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றை வைத்திருந்தேன். கொதித்து அது நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ரொம்ப. நீ பல் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்து நிற்பாய். நிறம் மாறுவது உனக்கு வேடிக்கை. "அப்பா, பச்சை" என்று நீ கத்துவதைக் கேட்டுத்தான் அவர் பேப்பரிலிருந்து தலையை எடுப்பார்.

உங்கப்பாவின் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தத்தில் எங்கே கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பு அவரிடம்தான் விடுவார்கள். பட்டறையில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, முதல் நாளே போய்ச் சமையல்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜாங்கிரிக்குப் பாகு சரியா, வடைக்கு உப்புச் சரியா, எல்லாம் அவர் வாயில் போட்டுப் பார்த்துச் சொன்னால்தான் அடுப்பை விட்டு இறங்கும். இலைக்கு இலை போய், போதும் என்று கையை மறைத்தவனுக்கும் இன்னொன்று வைப்பார். கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் சமையல்காரர் கரண்டியோடு எதிரில் வந்து நிற்பார், அண்ணன் இன்னும் ரெண்டு வெச்சுக்கணும் என்று. எனக்கு அதில் பெருமை. சர்க்கரை என்று தெரிந்த பிறகும் பெருமைதான். அவர் வேண்டாம் என்று சொன்னால், கூப்பிட்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானே கண்ணைக் காட்டியிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் குழாயில் செங்கல் வரும். உங்கப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது, ஊசி. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்றால் தினம் ஊசிதான் என்று டாக்டர் ஒருமுறை சொல்லிவிட்டார். ஊசி போட ஆரம்பித்தவன் முடிந்தான் என்று பட்டறையில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் டாக்டரைப் பார்க்கும் நாளுக்குள் நீலம் வந்தாக வேண்டும். வழி கண்டுபிடித்தது நான்தான், அவர் இல்லை. ஒரு ஆடிக் கிருத்திகைக்கு அவர் ஒருபொழுது இருந்தார். மறுநாள் குழாயில் பளிச்சென்று நீலம். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ மந்திரம் கிடைத்தது போல ஆகிவிட்டது. அன்றிலிருந்து கல்யாணத்துக்குப் போய் வந்தால் மூன்று நாள் பாகற்காய்ச் சாறும் மோருமாகப் போடுவேன், நீலம் வரும்வரை. டாக்டர் டெஸ்ட் சீட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்பார். ஒரு தடவைகூட அவரிடம் மூன்று நாள் கதையைச் சொன்னதில்லை.

அதோடு விட்டேனா? நீலம் வந்த அன்றைக்குக் கேசரி கிளறினேன். பாவம், மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாரே என்று. நெய் விட்டு, முந்திரி வறுத்துப் போட்டு. அது நம் வீட்டில் ஒரு பண்டிகை மாதிரியே ஆகிவிட்டது. நீ குழாயைப் பார்த்து "நீலம்" என்று கத்திவிட்டு நேராக ரவை டப்பாவைத்தான் எடுத்து வருவாய். நாம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவோம். சர்க்கரை போய்விட்டது என்பதற்குச் சர்க்கரை போட்டுக் கொண்டாடிய குடும்பம், பாபு, நம் குடும்பம். நீ இப்போது செய்வதெல்லாம் அன்றைக்குப் பார்த்ததுதான். சனிக்கிழமை ரத்தம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்துக் கடையில் நெய்த் தோசை சாப்பிடப் போவதாக விஜயாவிடம் சொன்னாயாமே. அது தோசை இல்லை. என் கேசரிதான் அது.

இனிமேல் எழுதப் போவதுதான் எழுத வந்தது.

கமலா அத்தை பெண்ணின் கல்யாணம் நடந்த வருஷம் நீ ஒன்பதாவது முடித்திருந்தாய். தாம்பரம் மண்டபம். சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணம் என்பதால் உங்கப்பா மூன்று நாளும் சமையல்கட்டை விட்டு அசையவில்லை. திரும்பி வந்தபோது மீந்த ஜாங்கிரி ஒரு தூக்கு நிறைய நான்தான் வாங்கி வந்தேன். அதையும் இரண்டு நாள் வைத்துத் தின்றோம். திங்கட்கிழமை பார்த்தால் குழாய் செங்கல்லை விடக் கறுப்பாக இருந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் டாக்டர். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் அவர் வாய்க்குப் பூட்டு. இந்தத் தடவை நான் இன்னொன்றும் செய்தேன். மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். முன்பெல்லாம் பட்டினி நாளில் மாத்திரையையும் நிறுத்திவிடுவோம். கத்திரி வெயில், நாள் குறைவு, இறங்க மாட்டேன் என்கிறதே என்று இந்தத் தடவை மாத்திரையும் போட வைத்தேன். மாத்திரையும் பட்டினியும் சேர்ந்தால் சீக்கிரம் இறங்கும் என்று கணக்குப் போட்டேன். இறங்கியது. எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை குழாயில் பச்சை. உங்கப்பா சட்டை போட்டுக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். நான் உனக்கு இட்லி எடுத்துக்கொண்டிருந்தேன். "எனுக்கு ரெண்டு இட்லி வைடி, கையெல்லாம் ஒரு மாதிரியா நடுங்குது" என்றார். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "இன்னும் பச்சையாத்தான் கீது. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்க, வந்து கேசரி கிளறித் தரேன்." அவர் நான் நீட்டிய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இட்லியை உனக்கு வைத்தேன். இதில் உன் பங்கு ஒன்றும் இல்லை, அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். நீ பசித்துச் சாப்பிட்ட பிள்ளை. அவரும் பசித்துத்தான் கேட்டார். இல்லை என்று சொன்ன வாய் என்னுடையது.

கிழக்குத் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டேஷன் படியேறி மேற்கே பட்டறைக்குப் போக வேண்டும். பாதிப் படியில் விழுந்திருக்கிறார். படி ஓரத்து இரும்பில் கால் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. சட்டை முழுக்க வேர்வை, வாய் குழறல், கூப்பிட்டால் பதில் இல்லை. பார்த்தவர்கள் குடித்திருக்கிறான் என்று ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தன் காலால் தள்ளிப் பார்த்தானாம். கமலா தெருவில் இருக்கும் ஒரு ஆள் அந்த வழியாகப் போயிருக்கிறான். அவன் நேராகக் கமலா வீட்டுக்குப் போய், "ஒங்க அண்ணன் காலங்காத்தால ஏத்திகினு படில கெடக்கறாரு" என்று சொல்லியிருக்கிறான். முக்கால் மணி நேரம் கழித்துப் பட்டறை ஆள் ஒருத்தர் பார்த்து, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சின்ன வயது லேடி டாக்டர் ஒருத்தர் இருந்தார். சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்றார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். பட்டறை ஆள் பக்கத்தில் நிற்கிறார், அடுத்த கட்டிலில் ஆட்கள், எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. "நாலு இட்லி" என்றேன். டாக்டர் உங்கப்பாவைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். டாக்டர் போனபிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நாலுன்னியே, ரெண்டுன்னு சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருக்கும்." அவர் சிரிப்புக்காகத்தான் சொன்னார். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன். அதற்கப்புறம் அவர் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

மீதி உனக்குத் தெரியும். கால் விரல் ஆறவில்லை. விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள். எந்த ஊசிக்குப் பயந்தாரோ அதைத் தினம் இரண்டு வேளை போட்டார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது போய்விட்டார். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். தெருவில் யாரோ ஒரு பையன் உங்கப்பாவைக் குடிகாரன் என்று சொன்னான் என்று நீ அவன் பல்லை உடைத்துவிட்டு வந்தாய். உன் சட்டையைக் கழற்றி ரத்தத்தை அலசிக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டாய், "அம்மா, அப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? மழை ஈரத்தில் வழுக்கிவிட்டார் என்று சொன்னேன். கத்திரி வெயில், பாபு. தார் ரோடு உருகி செருப்பில் ஒட்டிய மாதம். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கேட்கவே இல்லை. நான் குடியை மறைக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் யாரோ உங்கப்பாவைப் பற்றி விசாரித்தபோது நீ தலையைக் குனிந்துகொண்டு பேச்சை மாற்றினாயே, அதையும் பார்த்தேன்.

உங்கப்பா குடித்ததே இல்லை. வாசம் பிடிக்காது அவருக்கு. அவர் பட்டினியில் விழுந்தார். பட்டினி போட்டது நான். அதைச் சொன்னால் அவர் பெயர் அன்றே நேராகியிருக்கும், என் பெயர் போயிருக்கும். என் பெயரை வைத்துக்கொண்டு அவர் பெயரை விட்டுவிட்டேன். இதை எழுத இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

இவ்வளவு நடந்தும் எனக்குப் புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் போய் மூன்றாம் வருஷம் எனக்கும் சர்க்கரை என்றார்கள். நானும் அதையேதான் செய்தேன். உன் கல்யாணத்தில் நான் தின்றதை எழுதினால் நீ சிரிப்பாய். புருஷன் இல்லாதவள் என்று எல்லோரும் பாவம் பார்த்து இலையில் வைத்தார்கள், நானும் வைத்ததையெல்லாம் தின்றேன். பிறகு நான்கு நாள் கஞ்சித் தண்ணீர். "ரிப்போர்ட் நல்லா கீது பாரு" என்று உன்னிடம் காட்டினேனே, அது அந்த நான்கு நாள் ரிப்போர்ட். உனக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

போன தை மாதம் கமலா பேத்திக்குக் காது குத்தினார்கள். வழக்கம்போல எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுக்கக் கிளம்பினேன். சேலையூரில் கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது முதலில் விரல் நடுங்கியது. அப்புறம் உடம்பெல்லாம் வேர்த்தது. எதிரில் இருக்கிற போர்டில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரோ என் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது போல ஒரு பயம் வந்தது. அப்போதுதான், பாபு, எனக்குத் தெரிந்தது, அந்தப் படியில் உங்கப்பா என்ன கண்டார் என்று. அவரை விட்டு எல்லோரும் ஒதுங்கிப் போனதையும் அவர் பார்த்திருப்பார். கண் தெரியும், வாய்தான் வராது.

என்னை யாரும் காலால் தள்ளவில்லை. பக்கத்தில் பூக்கட்டும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இன்னாக்கா இப்படி வேர்த்து ஊத்துது? சக்கரையா ஒனுக்கு? மாத்திரை போட்டுகினு துன்னாம வந்தியா?" என்றாள். தலையாட்டினேன். தனக்கு வாங்கி வைத்திருந்த டீயில் இன்னும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்லி என் வாயில் வைத்தாள், பன்னைப் பிட்டுப் பிட்டுத் தந்தாள். கொஞ்சம் தெளிந்ததும் காதுகுத்து, பட்டினி, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவள் பூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "துன்னது துன்னுட்ட. பட்டினி கெடந்தா அது துன்னாததா ஆயிடுமா? அடுத்த வேளைக்கு எப்பவும் போல துன்னுட்டுப் போயிகினே இரு. எனுக்கும் கீது பத்து வருசமா" என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு, முழம் எவ்வளவு என்று கேட்டவளிடம் திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு ரத்தம் கொடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் எப்போதும் போல இரண்டு இட்லி, சாம்பார், மதியம் அளவான சோறு, நிறையக் காய், ராத்திரி கேழ்வரகு அடை என்று சாப்பிட்டேன். ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் போய், காதுகுத்து முதற்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று பயந்தேன். ரிப்போர்ட் அதிகமாகத்தான் இருந்தது. இப்பத்தான் நிஜமான ரிப்போர்ட்டைப் பார்க்கிறேன் என்று சொல்லி, மாத்திரையை மாற்றி எழுதினார். அதற்கப்புறம் இன்றுவரை பட்டினி போடவில்லை. தவறவில்லையா என்று கேட்காதே. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை ஐந்து தின்றேன். மறுநாள் காலை எழுந்ததும் வயிற்றைக் காயப்போடு, காயப்போடு என்று மனசு அரித்தது. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்புச் செய்தவளுக்குச் சாப்பாடு எதற்கு என்று தோன்றியது. பட்டினி கிடப்பதைவிட அந்த இரண்டு இட்லியைச் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். சாயந்திரம் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். இரண்டு மூன்று நாளில் உடம்பு தானாக வழிக்கு வந்தது.

உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். கல்யாணத்தில் தின்றுவிட்டாய், ஆகட்டும். அதற்குத் தண்டனை கொடுத்துக்கொள்ளாதே. அடுத்த வேளை வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடு, காயைக் கூட்டிக்கொள், சோற்றைக் குறைத்துக்கொள், விஜயாவோடு கொஞ்சம் நட. மாத்திரை போட்டால் சாப்பிடு. சட்டைப்பையில் நான்கு சர்க்கரை மிட்டாய் கிடக்கட்டும், தின்பதற்கு இல்லை, கை நடுங்கினால் போட்டுக்கொள்ள. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத்தான் சனிக்கிழமை ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். அதிகமாக வந்தால் வரட்டும். டாக்டர் முன்னால் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டாம். வந்த எண்ணைப் பார்த்துக் கடைக்கும் போகாதே, கட்டிலிலும் போய்ப் படுக்காதே. வீட்டுக்கு வந்து சாப்பிடு. உனக்குப் பிள்ளை பிறந்தால் அது உன் தட்டைத்தான் பார்க்கும். குழாயைப் பார்த்துக் கத்திய பிள்ளையை நான் வளர்த்தேன். நீ அப்படி வளர்க்காதே.

நேற்று உன்னிடம் பேசிவிட்டுப் பூத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கமலா வீட்டுக்குப் போனேன். இதில் எழுதியதை அவளிடம் வாயால் சொன்னேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் ஒருத்தரிடமாவது வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பாட்டிலில் அண்ணன் பழகிவிட்டார், தன் வீட்டுக் கல்யாணத்தால்தான் அண்ணன் போனார் என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. "பன்னெண்டு வருசம் அண்ணி. பன்னெண்டு வருசம் எங்க அண்ணன் போட்டோவப் பாக்காம இருந்தேன்" என்றாள். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வரும்போது பீரோவுக்குப் பின்னாலிருந்து உங்கப்பா படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ இனி என்னோடு பேசாமல் இருந்தாலும் அது நியாயம்தான். நீ அன்றைக்குப் பல்லை உடைத்தாயே, அது சரி. உங்கப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் இனி தலையைக் குனியாதே.

இதை இன்று காலையே போஸ்டாபீசில் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் போய்விடும் என்கிறார்கள். உங்கள் தெருவுக்குத் தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார் என்று விஜயா சொன்னாள். நீ வேலைக்குப் போயிருந்தால் அவள் எடுத்து வைப்பாள். எப்போது பிரித்தாலும் சரி, நீ அன்றைக்கு ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால், இதை அப்படியே மடித்து வைத்துவிட்டு முதலில் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துச் சாப்பிடு. அவர் கேட்டது அந்த இரண்டுதான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அப்புறம் என்மேல் கோபப்படு.

அம்மா